வளர்ச்சிக்கு எல்லை உண்டா?

வளர்ச்சி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி இத்தனை விழுக்காடு உயர்ந்தது என்று செய்தி வந்தால் மகிழ்கிறோம். குறைந்தது என்றால் கவலையுறுகிறோம். ஆனால் அவ்வளர்ச்சி எதைத் தின்று வளர்கிறது, எவ்வளவு காலம் வளர முடியும் என்று கேட்பவர் சிலரே. அக்கேள்வியை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆண்டுக்கு 7 விழுக்காடு வளரும் பொருள் எதுவாயினும், ஏறத்தாழ 10 ஆண்டுகளில் இரு மடங்காகும். 100 ஆண்டுகளில் 800 மடங்கையும் தாண்டிவிடும். கூட்டுவட்டி கற்ற மாணவியர் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஏட்டில் எண்கள் எவ்வளவு வேண்டுமாயினும் பெருகும். ஆனால் நிலத்தின் பரப்பும், பூமிக்குள் இருக்கும் தாதுவும் அவற்றோடு சேர்ந்து பெருகுவதில்லை. 1972-இல் டோனெல்லா மெடோஸ் என்னும் பெண் அறிஞரும் அவருடைய தோழர்களும் 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற பொருள்படும் நூலில் இதையே உலகிற்கு எடுத்துரைத்தனர்.

எல்லையை மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலிலுள்ள நவுரு தீவு ஒரு பாடம். அதன் பரப்பு 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே. நிலத்திற்கு உரமாகும் பாஸ்பேட் அங்கே ஏராளமாகக் கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அயல்நாட்டார் அதை வெட்டிக் கப்பலேற்றினர். 1968-இல் விடுதலை பெற்ற பின் தீவினரும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். 1970-களில், ஆள் வீத வருமானத்தில் உலகின் முதன்மையான நாடுகளுள் ஒன்றாக நவுரு விளங்கிற்று. மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றையும் எழுப்பிற்று. ஆனால் அந்நூற்றாண்டு முடியுமுன் பாஸ்பேட் பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று. 2004-இல் அக்கட்டடமும் விற்கப்பட்டது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் கூரிய சுண்ணாம்புப் பாறைகள் துருத்தி நிற்கும் பாழ்நிலமாயிற்று. செல்வம் பெருகிய ஆண்டுகளிலேயே அவர்களுடைய நிலம் குறைந்துகொண்டு வந்தது. வருமானக் கணக்கில் அக்குறைவு தென்படவில்லை.

இங்குதான் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பாவை நாம் நினைவுகூர வேண்டும். கணக்காய்வாளராயிருந்து, பின்னர் காந்தியடிகளைப் பின்பற்றியவர் அவர். 1940-களில் சிறையிலிருந்தபோது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இயற்கை வளங்களை அவர் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய், உலோகத் தாது போன்றவை எடுக்க எடுக்கக் குறைவன. ஓடும் நீர், வளரும் காடு போன்றவை முறையாகப் பேணினால் மீண்டும் மீண்டும் கிடைப்பன. முதலை எடுத்துச் செலவிட்டு, அதை வருமானம் என்று எழுதுவது தவறான கணக்கு என்பதை வணிகவியல் கற்கும் மாணவியர் அறிவர். நவுருவில் நடந்தது அதுவே.

மீண்டும் கிடைக்கும் வளமும் பேணாவிடில் கெடும். அதற்கு நம் பாலாறு சான்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அயல்நாட்டுச் செலாவணியையும் ஈட்டித் தந்தது. ஆனால் அதன் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகக் குறிக்கப்பட்டுள்ளது. மாசு விளைவித்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இங்கும் கணக்கின் குறையைக் காண்க: கிணற்றில் இலவசமாக இறைத்த நல்ல நீர் உற்பத்திக் கணக்கில் ஏறாது. அக்கிணறு கெட்ட பின் காசு கொடுத்து வாங்கும் நீர் ஏறும். இழப்பும் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது!

அப்படியாயின் வளர்ச்சியே வேண்டாமா? ஒழுகும் குடிசையில் வாழ்வோருக்கு வீடு வேண்டும். மருத்துவமனை இல்லாத ஊருக்கு மருத்துவமனை வேண்டும். தோல் பதனிடும் தொழிலாளிக்கு வேலையும் வேண்டும், அவர் பிள்ளைக்கு நல்ல குடிநீரும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடு என்று ஏழையிடம் சொல்வது அறமாகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் இதற்கு வழி காட்டுகிறது. உலகின் சில பகுதிகள் தம் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டால்தான் பிற பகுதிகள் நலமாக வளர வளம் கிடைக்கும் என்பது அவர் கருத்து. குழந்தை வளர்வது நலம். ஆனால் உரிய வயதிற்குப் பின்னும் உயரம் கூடிக்கொண்டே போனால் அதை நோய் என்போம். அதன் பின் வளர வேண்டியவை அறிவும் பண்புமே.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கூறிய அறிவற்ற செல்வனின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். நிலம் நன்கு விளைந்ததும், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டவே அவன் எண்ணினான். விளைவித்த நிலத்தையோ, பசித்த அயலாரையோ அவன் எண்ணவில்லை. விளைச்சல் அவன் குற்றமன்று; போதும் என்று சொல்லத் தெரியாததே அவன் குற்றம்.

எனவே இனி வளர்ச்சி என்ற சொல்லைச் செய்தித்தாளில் காணும்போது நாம் இரு கேள்விகள் கேட்போம். இது வருமானத்திலிருந்து வந்ததா, முதலிலிருந்து எடுத்ததா? இதனால் எவர் வீட்டுக் கிணறு கெட்டது? நாளை நம்முள் சிலர் கணக்கராகலாம், சிலர் அதிகாரியாகலாம், பலர் இல்லத்தை நடத்தலாம். எப்பொறுப்பில் இருப்பினும் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பழகினால், நமக்குப் பின் வருவோருக்கும் இப்பூமியில் சோறும் நீரும் மிஞ்சும்.