நடுவர் யார் பக்கம்?

கேள்வி: சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் ஒரு பழைய லேப்டாப் விலை பேசினேன். விற்பவருக்கு ஐந்து நட்சத்திரம். 'பணம் எஸ்க்ரோவில் இருக்கட்டும், பொருள் வந்ததும் விடுவியுங்கள்' என்று க்யூஆர் கோடு அனுப்புகிறார். நம்பலாமா?
– வாசகர், தேர்வாய் கண்டிகை

பதில்: பணம் போடாதீர்கள். எஸ்க்ரோ, அதாவது பொருள் வரும்வரை பணத்தை ஒரு நடுவர் பிடித்து வைத்திருப்பது, நல்ல ஏற்பாடுதான். ஆனால், நடுவரை விற்பவரே கூட்டிவந்தால் தகராறு வரும்போது அவர் யார் பக்கம் நிற்பார்? ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பேமென்ட் அக்ரிகேட்டர் (வணிகர்களுக்காக ஆன்லைனில் பணம் பெறும் நிறுவனம்) வசூலிக்கும் பணம் வணிக வங்கியின் எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்ததும் திரையில் தனிநபர் பெயர் வந்தால், அது யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கு.

நட்சத்திரமும் விலைக்குக் கிடைக்கிறது. போலி விமர்சனங்களைத் தடுக்க 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற இந்தியத் தரநிலை வந்தது. அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. ஒரே வாரத்தில், ஒரே வாசகத்தில் குவிந்த பாராட்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்ட் போல ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு வரச் சொல்லுங்கள். லேப்டாப்பை ஆன் செய்து, பில்லில் உள்ள சீரியல் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். வர மறுத்தால் விட்டுவிடுங்கள். 'ரீஃபண்ட்' என்று சொல்லி யுபிஐ பின் போடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெற பின் தேவையில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இதைப் படித்ததும் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.