நோயுற்ற நாளிலும் பேறுகாலத்திலும் ஊதியம்

ஒருவர் துன்பத்தைப் பலர் பகிர்ந்து தாங்குவதே கூட்டுறவின் அடிப்படையாகும். நாம் செலுத்தும் சிறு பங்குத் தொகைகள் சேர்ந்து சங்கத்தின் மூலதனமாவது போல, தொழிலாளர் பலர் செலுத்தும் சிறு சந்தா சேர்ந்து, நோயுற்றவர் வீட்டில் அடுப்பெரியச் செய்கின்றது. அதற்கென வகுக்கப்பட்டதே தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம். 'இ.எஸ்.ஐ.' என நாம் வழங்குவது இதனையே.

தறிக்கும் ஏருக்கும் உரிய இதழில் இப்பொருள் எதற்கு எனச் சில அங்கத்தினர் வினவலாம். ஊரப்பாக்கம் முதலிய ஊர்களில் விளைநிலம் சுருங்கி மனைகள் பெருகிவிட்டன. நம் வீட்டு மக்களும் மருமக்களும் மறைமலைநகர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர். அவர்தம் சம்பளச் சீட்டில் பிடித்தம் காணப்படுகின்றது; அதனால் விளையும் உரிமை யாதென அறிந்தவரோ சிலரே.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இத்திட்டத்தை 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். அச்சட்டத்தின் இடத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் பெற்றது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களுக்கு இத்திட்டம் உரியது. மாத ஊதிய வரம்பு 2017 ஜனவரியில் ரூ. 21,000 என உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல், ஊதியத்தில் நூற்றுக்கு 75 காசு தொழிலாளியும், ரூ. 3.25 முதலாளியும் செலுத்த வேண்டுமென வகுக்கப்பட்டது.

நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் மாதம் 26 நாள் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் ஊதியம் ரூ. 13,000. அவள் பங்கு ரூ. 98, முதலாளி பங்கு ரூ. 423. இதனால் அவள் பெறக்கூடிய பயன்கள், மருத்துவ வசதி நீங்கலாக, பின்வருமாறு:

1. நோய்க்கால உதவி: ஆண்டில் 91 நாள் வரை, ஊதியத்தில் நூற்றுக்கு 70. அவளுக்கு நாளொன்றுக்கு ரூ. 350.

2. பேறுகால உதவி: 26 வாரம், முழு ஊதியம். 182 நாளுக்கு ரூ. 91,000. முன்னரே இரு குழந்தைகள் இருப்பின் 12 வாரமே.

3. ஊனகால உதவி: வேலையில் நேர்ந்த காயத்தால் உழைக்க இயலாத நாள்வரை, நூற்றுக்கு 90. ஊனம் நிலைத்துவிடின், இழந்த உழைப்புத் திறனை மருத்துவக் குழு அளந்து கூறும் அளவுக்கு மாதந்தோறும் தொகை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும், திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்புடையதாயின், இதில் அடங்கும். நெடுஞ்சாலையிலும் இரயிலிலும் நாள்தோறும் செல்வோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, பலர் இடறும் இடத்தைக் கூறுவோம். உரிமை நாட்கணக்கைப் பொறுத்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவி கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியதற்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை கிடைக்கும். அவ்வரையாண்டில் 78 நாட்களுக்கேனும் சந்தா சேர்ந்திருத்தல் வேண்டும். நாள் 76 ஆயின் நோய்க்கால உதவி இல்லை. பேறுகால உதவிக்கோ, முந்தைய இரண்டு அரையாண்டுகளிலும் சேர்த்து 70 நாள் போதும். வேலையில் நேரும் காயத்துக்கு நாட்கணக்கே இல்லை; சேர்ந்த முதல் நாளே உரிமை பிறக்கின்றது. ஆதலின் விபத்து நேர்ந்தால், "புதிதாய்ச் சேர்ந்தவன்தானே" எனச் சோர்ந்துவிடுதல் தவறாகும். சந்தா கட்டத் தவறிய முதலாளியிடமிருந்து அதனை வசூலிக்கக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு.

வீட்டில் தறி நெய்வோரும் சொந்த நிலம் உழுவோரும் எங்ஙனம் காக்கப்படுவர்? மாதச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இ.எஸ்.ஐ. பொதுவாக எட்டுவதில்லை. நெசவாளர் கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்திலும், சிறு உழவரும் விவசாயக் கூலிகளும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் பதிவு செய்தல் வேண்டும். ஏழைக் குடும்பத்துத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் முதல் இரு பேறுகளுக்கும் உண்டு. 2018இல் அதன் அளவு, சத்துணவுப் பெட்டகம் உட்பட, ரூ. 18,000 ஆக உயர்த்தப்பட்டது. கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராமச் செவிலியரிடம் பதிவு செய்வது இன்றியமையாதது.

அங்கத்தினர் இம்மாதமே செய்யத்தக்கவை மூன்று. வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணை வீட்டுக் கணக்கேட்டில் எழுதுக. சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்து, அரையாண்டுதோறும் நாட்களை எண்ணுக. நல வாரிய அட்டை வைத்திருப்போர் அது புதுப்பிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க. பாவின் இழையை எண்ணி நெய்பவர் நாம். நம் வீட்டார் உழைத்த நாட்களையும் எண்ணி வைப்போமாயின், நோயும் பேறும் கடனாக மாறி வீட்டுக்குள் நுழையா.