தாத்தாவின் வண்டியும் துருவின் கதையும்



மரத்தைக் கரையான் அரிக்கும் என்பது நாம் அறிந்ததே. இரும்பை அரிப்பது எது? வகுப்பில் ஒரு வரியில் எழுதி மதிப்பெண் பெற்ற விடையை, சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கையால் தொட்டுக் கற்றேன். அதனையே இங்கு எழுதுகிறேன்.

புல்லட் மோட்டார் சைக்கிள் 1950களில் சென்னையில் தயாராகத் தொடங்கியது. என் தாத்தா 1972இல் ஒரு புல்லட் வாங்கினார். அவர் மறைந்தபின் அது தூத்துக்குடியில் எங்கள் கொட்டகையில் பத்து ஆண்டுகள் கிடந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "அவங்க கை பட்ட வண்டிய கிலோ கணக்குல போட மாட்டேன்" என்று ஆச்சி மறுத்துவிட்டார்கள். மெக்கானிக் வேலை தெரிந்த சித்தப்பா வண்டியைப் பிரித்தார். துருவும் பழைய பெயிண்டும் நீக்கும் பணியில் நான் உதவியாளாகச் சேர்ந்தேன்.

இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். இது ஒரு மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் கடற்காற்று வீசும் ஊரில் துரு விரைந்து பரவுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பெயிண்ட் கொப்பளித்து உரிகிறது. உரிந்த இடத்தில் மீண்டும் ஈரம் புகுகிறது.

முதல் நாள் மட்கார்டை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தேன். தூசு பறந்தது. நான்கு வயதுத் தம்பி பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டார். பழைய பெயிண்டுகள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று விளக்கினார். அன்றுமுதல் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் மட்டுமே தேய்த்தோம். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது என்று தூசு வடிகட்டும் முகமூடி வாங்கினோம். வழித்த சேற்றைப் பழைய செய்தித்தாளில் மடித்துத் தனியே வைத்தோம். வேலைத் துணிகளையும் தனியே துவைத்தோம். தம்பிக்குக் கொல்லைக் கதவு அடைக்கப்பட்டது.

சிறு போல்ட்டுகளையும் நட்டுகளையும் வினிகரில் ஒரு நாள் ஊறவைத்தோம். அதிலுள்ள அசெட்டிக் அமிலம் துருவைக் கரைக்கிறது. பிறகு கம்பி பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசினால் எஞ்சிய அமிலம் நடுநிலையாகும்.

டூல் பாக்ஸுக்குச் சித்தப்பா மின்னாற்பகுப்பு முறையைக் கையாண்டார். பிளாஸ்டிக் தொட்டியில், லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்தார். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்மின் முனையில் துருப்பிடித்த பெட்டியையும், நேர்மின் முனையில் பயனற்ற ஓர் இரும்புத் தகட்டையும் இணைத்து, இரண்டும் தொடாதபடி தொங்கவிட்டார். மறுநாள் துரு கறுத்து, பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. இதில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வரை மாட்டக் கூடாது. அதிலிருந்து நச்சுள்ள குரோமியம் நீரில் கலந்துவிடும். பெட்ரோல் டாங்கை மட்டும் சித்தப்பா எங்களைத் தொடவிடவில்லை. காலி டாங்கிலும் ஆவி தங்கியிருக்கும். ஒரு தீப்பொறி போதும், அது வெடித்துவிடும்.

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். பெயிண்டை உரிக்கச் சித்தப்பா எரிசோடாக் கரைசல் வைத்திருந்தார். இரும்பு மட்கார்டு அதில் கிடந்து அழகாக உரிந்து வந்தது. அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பெயிண்ட் பூசியிருந்த இன்ஜின் பக்கத்துச் செயின் கவரையும் கேளாமல் அதில் போட்டேன். சற்று நேரத்தில் கரைசல் நுரைத்துப் பொங்கிற்று. சித்தப்பா வந்து கையுறையோடு எடுத்தபோது கவர் முழுதும் கறுத்துக் குழிகுழியாக இருந்தது.

அது அலுமினியம்! அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு ஒரு கவசம்போல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. எரிசோடா அந்தக் கவசத்தையும் கரைத்து, உலோகத்தையும் தின்றுவிடும். இரும்பை அது அவ்வாறு தாக்குவதில்லை. ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு நஞ்சு. சித்தப்பா திட்டவில்லை. ஒரு காந்தத்தை என் கையில் கொடுத்து, "முதல்ல இத வச்சுப் பாரு. ஒட்டலன்னா எங்கிட்டக் கேளு" என்றார். ஆச்சியிடம் அழுதுகொண்டே சொன்னேன். "ஒங்க தாத்தாவுக்கும் இதே அவசரந்தான்" என்று சிரித்தார்கள்.

துரு நீங்கிய இரும்பை ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே மீண்டும் செம்மை படரும். ஆகவே உடனே துடைத்து, வெயிலில் உலர்த்தி, அன்றே பிரைமர் பூசினோம்.

இன்று வண்டி கறுப்பு நிறத்தில் பளபளக்கிறது. செயின் கவரை மட்டும் மாற்ற வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். அந்தக் குழிகளைக் காணும்போதெல்லாம், எதையும் சுத்தம் செய்யப் புகுமுன் அது எதனால் ஆனது என்று அறிய வேண்டும் என்ற பாடம் நினைவுக்கு வருகிறது. தோழியரே, உங்கள் வீட்டிலும் துருவேறிய பொருள் ஏதேனும் கிடந்தால் எடைக்குப் போடுமுன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரையும் ஒரு காந்தத்தையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி