சூடு போட்ட கல்லும் மாற்றிய மென்பொருளும்

சென்ற வருடம் மூன்றாம் தவணை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு பிழை நடந்தது. செய்தது நான். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கும் என் கையாலேயே அது நடந்ததால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தரம் எட்டில் படிக்கும் என் தம்பி தன் வகுப்புப் பிள்ளைகளுடன் இணையத்தில் ஒரு விளையாட்டு விளையாடுவான். பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகத்துக்குள் நடமாடுகின்ற வகை. அதற்குப் புதிய பதிப்பு வந்ததும் வாப்பாவின் பழைய போனில் அது திறக்கவே மறுத்தது. கூட்டாளிகள் எல்லாரும் உள்ளே, இவன் மட்டும் வெளியே. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன், மூன்றாம் நாள் ஒரு கோப்பைக் கொண்டுவந்தான்.

“தாத்தா, பழைய போன்லயும் ஓடுற மாதிரி யாரோ மாத்திச் செஞ்சிருக்காங்களாம். இத மட்டும் போட்டுத் தாங்களே.”

போட முயன்றேன். செயலியை நிறுவ முடியவில்லை என்று போன் சொன்னது. ஏற்கெனவே இருந்த அசல் செயலியை அழித்துவிட்டு மீண்டும் முயன்றேன், ஏற்றுக்கொண்டது. இடையில் வந்த எச்சரிக்கைப் பெட்டிகளை வாசிக்காமலே ‘சரி’ கொடுத்தேன். உள்ளே போவதற்கு வாப்பாவின் சமூக ஊடகக் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அதையும் கொடுத்தேன். விளையாட்டு அழகாக ஓடியது. அன்று தம்பிக்கு என்னைவிடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை.

நான்காம் நாள், பலாங்கொடையிலுள்ள சாச்சா போன் எடுத்தார். “நானா கேட்ட காச அனுப்பிட்டன், கெடச்சிச்சா?” என்றார். வாப்பா யாரிடமும் காசு கேட்கவில்லை. வாப்பாவின் பெயரில், வாப்பாவின் படத்துடன், அவசரமாகப் பணம் தேவை என்று இருபதுக்கும் மேற்பட்டோருக்குச் செய்தி போயிருந்தது. அவர்களில் வாப்பாவிடம் கல் வாங்குகின்றவர்களும் இருந்தார்கள். கல் வியாபாரத்தில் இரசீதைவிட வாய்ச்சொல்லே பெரிது என்பதை எமது ஊர்ப் பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொருவரையும் அழைத்து “அது நானில்ல” என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

அதன்பின், நான் போட்டது உண்மையில் என்ன, பிறர் செய்த மென்பொருளை மாற்றுவது எல்லாமே தப்பா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். கிடைத்த விடை நான் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது.

முதலில் ஓர் அடிப்படை. இணைய உலகமொன்றில் மரம், வீதி, வீடு, மற்ற ஆட்கள் எல்லாம் எமது போனுக்குள் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அந்த உலகத்தின் கணக்குப் புத்தகம் வேறெங்கோ ஒரு சேவையகத்தில் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார், யாரிடம் என்ன பொருள் உண்டு என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்படுகிறது. எமது போனில் இருப்பது அதைப் படமாக வரைந்து காட்டுகின்ற ஒரு காட்சிக் கருவி மாத்திரமே. வானொலியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையம் ஒன்று, ஒலிபரப்பு ஒன்று. தோட்ட லயத்தில் உள்ள பழைய பெட்டியிலும் கேட்கலாம், டவுனிலுள்ள புதிய பெட்டியிலும் கேட்கலாம். பெட்டியை நாமே திருத்தலாம், புதிதாகவும் செய்யலாம். ஒரேயொரு வித்தியாசம்: வானொலிப் பெட்டி யாருக்கும் எமது பெயரைச் சொல்வதில்லை. இந்தப் பெட்டியோ எமது பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டுதான் பாடத் தொடங்குகிறது.

பெட்டியை மாற்றும் பழக்கம் இத்தகைய உலகங்களின் அளவுக்கே பழையது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் ‘மட்’ என்ற உலகத்தை உருவாக்கினார்கள். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. பின்னர் அவ்வகை உலகங்கள் பெருகியபோது, அவற்றுக்குள் வசதியாகப் போய்வருவதற்கென்று பயனர்களே ‘டைனிஃபியூக்’ போன்ற மென்பொருள்களை எழுதிக்கொண்டார்கள். யாரும் அதைக் குற்றமாகக் கருதவில்லை.

பெரிய அளவில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது ‘செக்கண்ட் லைஃப்’ என்ற உலகத்தில். அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் தொடங்கியது. அங்கே மனிதர்கள் காணி வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், உடுப்புத் தைத்து விற்றார்கள். அங்கு புழங்கும் லிண்டன் டொலரை உண்மையான டொலராக மாற்றவும் முடியும். 2007 ஜனவரியில் அந்நிறுவனம் தனது காட்சிக் கருவியின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. யாரும் வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம்.

அதன் பயனாகச் சில அருமையான காரியங்கள் நடந்தன. பழைய கணினியில் ஓடக்கூடிய கருவிகளைச் சிலர் செய்தார்கள். ‘ரடகாஸ்ட்’ என்றொரு கருவியை வேறு சிலர் உருவாக்கினார்கள். அது முப்பரிமாணப் படத்தை வரையாமலே, பக்கத்தில் யார் நிற்கிறார், என்ன பேசுகிறார் என்பதை எழுத்தாகத் தரும், குரலில் வாசித்தும் காட்டும். கண்பார்வை அற்றவர்கள் அதைக்கொண்டு அந்த உலகத்துக்குள் நுழைந்தார்கள். மழை பெய்தால் சிக்னல் ஓடிவிடும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமை விளங்கும். அசல் மென்பொருளைச் செய்தவர் தன் மேசையிலிருக்கும் கணினியை நினைத்துச் செய்கிறார். மாற்றுபவர் தன் வீட்டிலிருப்பதை நினைத்து மாற்றுகிறார். தம்பியின் ஆசையும் இதுதானே.

மறுபக்கமும் உண்டு. 2006 நவம்பரில், மூலநிரல் திறக்கப்படுவதற்கு முன்பே, ‘கொப்பிபொட்’ என்றொரு நிரல் அந்த உலகத்தில் பரவியது. பிறர் செய்து விற்கும் பொருளை அது அப்படியே பிரதி எடுத்துவிடும். உழைத்துச் செய்த பொருள் ஒரு நொடியில் இலவசமாவதைக் கண்ட வியாபாரிகள் பலர் கடைகளைச் சாத்திவிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவ்வாறு பிரதி செய்வது விதிமீறல் என நிறுவனம் அறிவித்தது. ஆனாலும், கண்ணுக்குக் காட்டுவதற்காகக் கருவிக்கு அனுப்பிவிட்ட ஒன்றைக் கருவி வைத்துக்கொள்ளாமல் தடுப்பது கடினம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2010இல் நடந்தது. ‘எமரல்ட்’ என்ற மாற்றப்பட்ட காட்சிக் கருவி அக்காலத்தில் மிகப் பிரபலம். அசலைவிட வசதிகள் அதிகம். அவ்வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு விடயம் வெளிவந்தது. பயனர் கருவியைத் திறக்கும்போதெல்லாம், முதல் பக்கத்தில் மறைத்து வைக்கப்பட்ட கட்டளைகள், அதைச் செய்தவர்களை விமர்சித்த ஒருவரின் இணையத்தளத்தை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தன. அதாவது ஆயிரக்கணக்கானோரின் கணினிகள், உரியவர்களுக்குத் தெரியாமலே, இன்னொருவரின் வாசற்கதவை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்றும் தெரியவந்தது. அக்கருவியின் பெரும்பகுதி திறந்த நிரல். ஒரு துண்டு மட்டும் மூடியது. அந்த மூடிய துண்டுதான், மென்பொருள் கணினியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விபரத்தைப் படங்களுக்குள் ஒளித்து அனுப்பியது. பலருடைய கணினியில் அந்த இடத்தின் பெயரிலேயே உரியவரின் உண்மைப் பெயரும் இருக்கும். லிண்டன் லேப் தனது பட்டியலிலிருந்து எமரல்டை நீக்கியது. அக்குழுவிலிருந்து விலகிய சிலர் ‘ஃபீனிக்ஸ்’, பின்னர் ‘ஃபயர்ஸ்டோர்ம்’ என்ற கருவிகளைச் செய்தார்கள். ஃபயர்ஸ்டோர்மை இன்றும் பெருந்தொகையானோர் பாவிக்கிறார்கள். ஒரே மூலநிரல், ஏறக்குறைய ஒரே கைகள்.

இதை ஒருநாள் இரவு சாப்பிடும்போது வாப்பாவிடம் சொன்னேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வாப்பா கேட்டுவிட்டு, கெவுடாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இரத்தினபுரிப் பகுதியில் பால் கலந்தாற்போல மங்கலாகக் கிடைக்கும் கல் அது. ஒரு காலத்தில் அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிச் சென்று, 1500 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சூடாக்கி நீலமாக்கினார்கள். நமது ஆட்களும் பின்னர் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள்.

“சூடு போடுறது குத்தமில்ல மகள். சூடு போட்டதச் சொல்லாம வித்தாத்தான் குத்தம்” என்றார் வாப்பா.

நான் எத்தனையோ பக்கங்கள் படித்துத் தேடியது அதுதான். ரடகாஸ்ட் சூடு போட்ட கல், போட்டதைச் சொல்லி விற்கப்பட்டது. எமரல்டும் சூடு போட்ட கல், ஆனால் ஒரு மூலையை மறைத்து விற்கப்பட்டது. நான் போட்ட கோப்போ யார், எங்கே, எதைக்கொண்டு சூடாக்கினார் என்பதே தெரியாத ஒன்று.

தெரிந்துகொள்ளும் வழி ஒன்றாவது என் கையில் இருந்தது என்பதுதான் வேதனை. அண்ட்ரொயிட் செயலி ஒவ்வொன்றும் ஓர் ‘ஏபிகே’ கோப்பு. அது உண்மையில் பல கோப்புகளைச் சுருட்டி வைத்த ஒரு பொதி. உரிய கருவி இருந்தால் பொதியை அவிழ்த்து, உள்ளிருப்பதை மாற்றி, மீண்டும் கட்டிவிடலாம். ஆனால் கட்டியபின் அதில் ஒரு மின்கையொப்பம் இட வேண்டும். அசல் நிறுவனத்தின் கையொப்பத்துக்குரிய இரகசியச் சாவி மாற்றியவரிடம் இல்லை. ஆகவே அவர் தனது சொந்தக் கையொப்பத்தை இடுகிறார். அசல் செயலி இருக்கும்போது அதன்மேல் இதைப் போடப் போனால், கையொப்பங்கள் பொருந்தாததைக் கண்டு போன் மறுத்துவிடும். அன்று எனது போன் ‘நிறுவ முடியவில்லை’ என்றதன் அர்த்தம் அதுதான். ‘இது அவருடைய கையெழுத்தல்ல’ என்று அது சொல்ல, நான் அசலை அழித்துவிட்டு வேறொருவரை வீட்டுக்குள் எடுத்தேன்.

‘எல்லையற்ற வைரம்’, ‘எல்லையற்ற காசு’ தருவதாகச் சொல்லும் மாற்றிய செயலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாக விளையாடும் விளையாட்டில் அது சாத்தியம், ஏனெனில் கணக்கு எமது போனிலேயே இருக்கிறது. பலர் கூடும் இணைய உலகில் கணக்கு சேவையகத்தில் இருக்கிறது. 1986இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தில் ‘ஹெபிடட்’ என்ற உலகத்தை அமைத்த சிப் மோர்னிங்ஸ்டார், ரன்டல் ஃபார்மர் ஆகிய இருவரும், பயனர் வீட்டிலுள்ள கணினியின் பேச்சை நம்பி உலகத்தை நடத்தக்கூடாது என்று தமது அனுபவக் கட்டுரையில் அப்போதே எழுதிவிட்டார்கள். ஒழுங்காகக் கட்டிய சேவையகம் எமது போன் சொல்லும் வைரக் கணக்கை நம்பாது. அப்படியானால் அந்தச் செயலி எதற்காக இலவசமாகத் தரப்படுகிறது என்று தம்பி தங்கையரிடம் கேட்டுப் பாருங்கள்.

அரசு கதவை அடைக்கும்போதும் இந்த ஆசை நிற்பதில்லை. இந்தியாவில் 2020 செப்டெம்பர் 2ஆம் திகதி பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகள் தடைசெய்யப்பட்டன. உடனே பலர் கொரியப் பதிப்பை வேறு இடங்களிலிருந்து எடுத்துப் போட்டார்கள், வீ.பீ.என். பாவித்தார்கள். தடைக்குப் பின்னும் அவ்விளையாட்டை விளையாடி ஒளிபரப்பி, பெண் பிள்ளைகளை ஆபாசமாகப் பேசியதான முறைப்பாட்டில் தமிழ்நாட்டு யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானார். எமது நாட்டிலும் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, வீ.பீ.என். என்ற சொல் எங்கள் உம்மாவுக்கும் பழக்கமானது. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியத் துடித்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இலவச வீ.பீ.என். நடத்துபவர் யார் என்பதும் அதே கெவுடாக் கேள்விதான்.

பெற்றோருக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. செயலி கேட்கும் அனுமதிகளைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். விளையாட்டொன்று குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும் அதற்குள்தான் வருகிறது என்பதை நினையுங்கள். கணக்கு பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே உறவினருக்கு அறிவியுங்கள், இலங்கை சேர்ட் நிலையத்தின் 101 இலக்கத்தை அழையுங்கள். நாங்கள் ஒரு நாள் தாமதித்தோம். சாச்சாவின் காசு திரும்பி வரவில்லை. வாப்பா அதைத் தவணை முறையில் கொடுத்து முடித்தது இந்த வருடம்தான்.

தம்பிக்கு மீண்டும் ஓர் உலகம் தேவைப்பட்டது. ‘லுவான்டி’ என்ற திறந்த மென்பொருளைக் கண்டுபிடித்தேன். பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010இல் ‘மைன்டெஸ்ட்’ என்ற பெயரில் தொடங்கியது அது, 2024இல்தான் பெயர் மாறியது. கட்டைகளை அடுக்கி உலகம் கட்டலாம். வீட்டிலிருந்த பழைய கணினியே எங்கள் சேவையகம். தம்பியின் போன் வீட்டு வைஃபை ஊடாக அதனுள் போகிறது. இதிலே மாற்றம் செய்வது அனுமதிக்கப்பட்டது மட்டுமல்ல, அதற்காகவே செய்யப்பட்டது. ‘லுவா’ என்ற நிரல் மொழியில் சில வரிகள் எழுதினால் உலகத்தில் ஒரு புதிய பொருள் முளைக்கும்.

நான் முதலில் எழுதியது ஒரு தேயிலைச் செடி. தம்பி போனில் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். மலைச்சரிவு முழுக்க ஊதாவும் மஞ்சளுமாகப் பெட்டி பெட்டியாக நின்றது. படக்கோப்பின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்திருந்தேன். படம் கிடைக்காவிட்டால் அந்த மென்பொருள் வாய்க்கு வந்த நிறத்தைப் பூசிவிடும். எட்டாவது வரியைத் திருத்தி மீண்டும் திறந்தபோது பச்சை வந்தது. அதற்குள் அவன் அடிவாரத்தில் கல் குழி தோண்டத் தொடங்கியிருந்தான். கெவுடாவுக்கும் ஒரு நிரல் எழுதித் தரும்படி கேட்கிறான். சூளையில் வைத்தால் நீலமாக வேண்டுமாம்.