விரல் விறைக்கிறதென்றால் முதலில் வைத்தியரிடம்

கேள்வி: போன வியாழன் மாலை மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பின்னால் வந்த வான் என் காரில் இடித்துவிட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்புலன்ஸ்காரரிடம்கூட "எனக்கொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை பிடரி இறுகித் தலையைத் திருப்ப முடியவில்லை. பின்தலையிலும் நோ. வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் இடைக்கிடை விறைக்கின்றன. கார் திருத்தும் இடத்தில் ஒருவர் ஒரு கைரோபிராக்டரின் பெயரைத் தந்து, "போய்க் கையெழுத்து வையுங்கோ, எல்லாம் இலவசம்" என்றார். நேரமும் எடுத்துவிட்டேன். கழுத்தை முறித்துவிடுவார்களோ என்று பயம். மாமி வேறு, எண்ணெய் போட்டுச் சுளுக்கெடுக்கலாம் என்கிறா. நான் எப்படி ஆயத்தமாக வேண்டும்?

வாசகி, ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் அனுப்பினேன். காரணம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த விரல் விறைப்பு. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நானும் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர்தான். ஆனாலும் சொல்கிறேன், கையோ காலோ விறைத்தால் கைரோபிராக்டரிடம் போகமுன் வைத்தியரிடம் போங்கள். விபத்தில் அடிபட்ட கழுத்துக்கு ஸ்கான் தேவையா என்று தீர்மானிக்க ஒட்டாவாவில் உருவாகி 2001 இல் வெளியான ஒரு விதிமுறையை அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். வயது 65 அல்லது அதற்கு மேல், பலமான மோதல், கைகால் விறைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு சில அறிகுறிகளைப் பார்த்தபின், தலையை இரு பக்கமும் 45 பாகை திருப்ப முடிகிறதா என்று சோதிப்பார்கள். உங்களுக்கு விறைப்பும் இருக்கிறது, கழுத்தும் திரும்பவில்லை. கழுத்து எலும்பும் நரம்பும் பாதுகாப்பாக இருக்கின்றன என்று தெரியும்வரை யாரும், நானும்கூட, உங்கள் கழுத்தைப் பிடித்துத் திருப்பக்கூடாது. மாமியின் அக்கறை பெரியது, ஆனால் சுளுக்கெடுப்பது இப்போது வேண்டவே வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். வெந்நீர் ஒத்தடம் போதும். இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் தொங்குதல், நிற்காத வாந்தி, சிறுநீர் கட்டுப்பாடின்மை இவற்றில் எது வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 911 ஐ அழையுங்கள்.

அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் மறுநாள் நோ எடுப்பது வழக்கமானதுதான். இடி வாங்கிய தசைகளும் மூட்டுகளின் இணைநார்களும் மெல்ல மெல்ல வீங்கி இறுகும். ஆகவே "முதல் நாளே சொல்லவில்லையே" என்று கூச்சப்பட வேண்டாம்.

வைத்தியர் சரி என்றபின் முதல் சந்திப்புக்கு வருவோம். அதில் பெரும்பகுதி பேச்சும் சோதனையும்தான். எந்தப் பக்கமிருந்து இடி வந்தது, அந்த நேரம் தலை நேராக இருந்ததா அல்லது கண்ணாடியைப் பார்க்கத் திரும்பியிருந்ததா, இருக்கையின் தலைச்சாய்வு எந்த உயரத்தில் இருந்தது, சீட் பெல்ட் எங்கே அழுத்தியது என்று கேட்பார்கள். தலை திரும்பியிருக்கும்போது வாங்கிய இடி கழுத்தின் இரு பக்கத்தையும் ஒரேயளவாகத் தாக்குவதில்லை. பிறகு சிறு ரப்பர் சுத்தியலால் முழங்கைக்கருகே தட்டிப் பார்ப்பார்கள், கைப்பிடிப் பலம் பார்ப்பார்கள், விரல் நுனிகளில் உணர்ச்சி சமமா என்று தொட்டுக் கேட்பார்கள். இலகுவாகக் கழற்றக்கூடிய மேற்சட்டையோடு போங்கள்.

போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோ எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது, காலையில் கூடுதலா மாலையிலா, எந்த வேலை செய்ய முடியவில்லை என்றெல்லாம் தமிழிலேயே எழுதினாலும் போதும். "கழுத்து நோகுது" என்பதைவிட "பிள்ளையைத் தூக்கினால் வலத் தோள்வரை இழுக்குது" என்பது எங்களுக்கு மிகவும் உதவும். குடிக்கும் மருந்துகளைப் போத்தலோடு கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, எலும்புத் தேய்வு, கர்ப்பம், பழைய சத்திரசிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். பழைய கழுத்து வருத்தத்தைச் சொன்னால் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்று எங்கள் ஆட்கள் பலர் மறைப்பதைப் பார்க்கிறேன். இது பிழையான யோசனை. ஒன்ராறியோவில் சிறு காயம் என்று வகைப்படுத்தினால் சிகிச்சைக்கான உச்ச வரம்பு 3,500 டொலர். விபத்துக்கு முன்பே பதிவான ஒரு வருத்தம் குணமடைவதைத் தடுக்கும் என்று வைத்தியச் சான்று காட்டினால் அந்த வரம்பைத் தாண்ட வழி இருக்கிறது. மறைத்தால் அந்த வழியும் அடைபடும்.

"எல்லாம் இலவசம்" என்பதற்கு வருகிறேன். 2004 இன் இறுதியிலிருந்து கைரோபிராக்டர் சிகிச்சைக்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பணம் கொடுப்பதில்லை. பிழை யாருடையதானாலும் உங்கள் சொந்தக் கார்க் காப்புறுதி நிறுவனத்தில்தான் விபத்துக்கான மருத்துவ நலன் கேட்க வேண்டும். விபத்து நடந்து ஏழு நாட்களுக்குள் அவர்களுக்கு அறிவித்து, அவர்கள் அனுப்பும் ஓசிஎஃப்-1 விண்ணப்பத்தை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிந்திவிட்டால் விட்டுவிடாதீர்கள், நியாயமான காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். காப்புறுதி இலக்கம், கிளெய்ம் இலக்கம், வேலையிடத்து நலன் அட்டை மூன்றையும் கையில் வைத்திருங்கள். யார் சொன்னாலும் வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்கள் போகாத நாட்களுக்கும் உங்கள் பெயரில் பில் போட அது இடம் கொடுக்கும், உண்மையில் சிகிச்சை தேவைப்படும்போது பணம் தீர்ந்திருக்கும். கார் திருத்துபவர் சொன்ன இடத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கைரோபிராக்டர் பதிவு பெற்றவரா என்பதை ஒன்ராறியோ கைரோபிராக்டர்கள் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.

உங்கள் பயத்துக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். "சடக்" என்று கேட்பது எலும்பு முறியும் சத்தமில்லை, மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு வெளிப்படும் சத்தம். ஆனால் கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சையோடு கழுத்து இரத்தக்குழாய்க் கிழிவும் பக்கவாதமும் அரிதாகத் தொடர்புபட்டிருக்கின்றன. சம்மதப் படிவத்தில் இதை வாசிப்பீர்கள். வாசித்து, கேட்டு, விளங்கியபின் கையெழுத்திடுங்கள். "கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மெல்ல அசைத்துக் கொடுப்பது, தசையைத் தளர்த்துவது, படிப்படியான உடற்பயிற்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன. உங்களைப் போன்றவருக்கு நான் அவற்றில்தான் தொடங்குவேன்.

ஆங்கிலத்தில் நோவை விளக்கக் கஷ்டம் என்றால் நேரம் எடுக்கும்போதே சொல்லுங்கள், தமிழ் பேசும் ஒருவரை ஒழுங்குசெய்யலாம். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போக வேண்டாம். பிள்ளை முன்னால் தாய் பாதி நோவைத்தான் சொல்லுவாள். முதல் சந்திப்பு முடிந்து எழும்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு என்ன பிரச்சினை, எத்தனை முறை வர வேண்டும், எந்த நாளில் திரும்பச் சோதித்து முன்னேற்றம் பார்ப்பீர்கள். நாலைந்து கிழமையாகியும் மாற்றம் இல்லையென்றால், அல்லது விறைப்புக் கூடினால், கைரோபிராக்டரின் சோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் திரும்பப் போங்கள். எம்ஆர்ஐ தேவையா என்று அவரோடு பேசலாம்.