மலைநீர்த் தேக்கங்களில் சிறு படகு மோட்டார்: கார்புரேட்டரைத் திருத்தும் முறை

பாலக்காடு மாவட்டத்திலுள்ள மலம்புழை நீர்த்தேக்கம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 115 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதே மாவட்டத்துப் பரம்பிக்குளம் சுமார் 550 மீட்டர் உயரத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேக்கடி சுமார் 900 மீட்டர் உயரத்திலும், மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டி சுமார் 1,700 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சமவெளியில் குறையின்றி ஓடிய மோட்டாரை இத்தகைய உயரங்களுக்குக் கொண்டு சென்றால் அது கரும்புகை கக்குவதும், படகின் வேகம் குறைவதும் உண்டு. அப்பொழுது, “ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினால் விசை கூடும்” என்று சிலர் யோசனை கூறுவர். அந்த யோசனை ஏன் தவறானது, செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை 1909ஆம் ஆண்டில் ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவில் விற்பனைக்குத் தகுந்த வடிவில் அமைத்தார். கேரளக் கரையில், 1953ஆம் ஆண்டு நீண்டகரைப் பகுதியில் பணி தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் வழக்கத்தைப் பரப்பியது. 1980க்குப் பின்னர் நாட்டு வள்ளங்களிலும் புறமோட்டார்கள் பெருகின. கடற்கரையில் பெற்ற அனுபவம் கடல் மட்டத்துக் காற்றைச் சார்ந்தது. அதனை மாற்றமின்றி மலையில் கைக்கொள்ளலாகாது.

கார்புரேட்டரின் செயல்

கார்புரேட்டரின் நடுவே இடை குறுகிய குழல் ஒன்று உண்டு. பிஸ்டன் இழுக்கும் காற்று இக்குறுகலில் விரைந்து செல்கையில் அங்கே அழுத்தம் குறைகிறது. டேனியல் பெர்னூலி 1738ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கிய தத்துவம் இதற்கு அடிப்படையாகும். மிதவை அறையிலுள்ள பெட்ரோல் ஜெட்டின் நுண்துளை வழியே மேலேறிக் காற்றுடன் கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த விசை கிடைப்பது 12.5 முதல் 13 பங்கு காற்றுள்ள கலவையில் ஆகும். பெட்ரோல் இதற்கு மேலும் மிகுந்தால் விசை குறைந்து புகையே பெருகும்.

உயரத்தின் விளைவு

திட்ட வளிமண்டல அட்டவணைப்படி கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோகிராம். 1,700 மீட்டர் உயரத்தில் அது சுமார் 1.04 கிலோகிராம், அதாவது 15 சதவீதம் குறைவு. தேக்கடியின் உயரத்தில் இக்குறைவு சுமார் 8 சதவீதம். மலம்புழையில் ஒரு சதவீதம் மட்டுமே.

காற்று இலேசாகும்போது பெட்ரோலும் அதே அளவில் குறைவதில்லை. காற்றின் அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தையொட்டிக் கலவை மாறுகிறது. மாட்டுப்பட்டியில் அவ்விகிதம் 0.85, அதன் வர்க்கமூலம் 0.92. ஆகவே ஜெட் துளையின் பரப்பை 0.92 மடங்காகக் குறைத்தால் கலவை பழைய நிலையை அடையும். இதற்கு விட்டத்தை 0.96 மடங்காக்க வேண்டும். 1.00 மில்லிமீட்டர் துளையுள்ள ஜெட்டுக்குப் பதிலாக 0.96 மில்லிமீட்டர் ஜெட் பொருத்தமாகும். விசையை மீட்க வேண்டுவது சிறிய ஜெட்டேயன்றிப் பெரிய ஜெட் அன்று.

எனினும் கலவைப் பிழையால் இழந்த விசையே இவ்வாறு மீளும். காற்றுக் குறைவால் நேர்ந்த இழப்பு மீளாது. 10 குதிரைத் திறனுள்ள மோட்டார் மாட்டுப்பட்டியில் ஏறத்தாழ 8.5 குதிரைத் திறனே தரும். மோட்டார் தனக்குரிய சுழற்சி வேகத்தை எட்டாவிடில், ஒரு சுற்றில் குறைந்த தூரம் முன்னேறும் புரொப்பெல்லரை மாட்டுதல் நன்று. படகில் ஏற்றும் சுமையையும் அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும்.

செய்முறை

1. காற்று வழி, பெட்ரோல் வடிகட்டி, மிதவையின் மட்டம் ஆகியவற்றை முதலில் சோதிக்க. பல வேளைகளில் குறை இவற்றிலேயே இருக்கும்.
2. எண் பொறித்த ஜெட்டுகளையே வாங்குக. பழைய ஜெட்டைத் துளையிடுதலும் கம்பியால் குடைதலும் கூடா.
3. ஒரு முறைக்கு ஒரு படி மட்டும் மாற்றுக.
4. கரையோரத்தில், மோட்டாரின் அடிப்பகுதி நீரில் மூழ்கியிருக்க, சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி உடனே நிறுத்துக. நீரின்றி ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பு கெடும்.
5. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளிர்பழுப்பு நிறம் சரியான நிலை. வெண்மை பெட்ரோல் குறைவு. வெண்மை கண்டால் மேலும் ஓட்டாது பெரிய ஜெட்டுக்குத் திரும்புக.

முக்கிய எச்சரிக்கை

மலைக்கென மாற்றிய மோட்டாரை அதே ஜெட்டுடன் மலம்புழைக்கு இறக்கி ஓட்டலாகாது. அடர்ந்த காற்றில் கலவைக்குப் பெட்ரோல் போதாது. எண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்து ஊற்றும் இரு வீச்சு மோட்டாரில் மசகும் அத்துடன் குறையும். வெப்பம் மிகுந்து பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும். நீர்த்தேக்கத்தின் நடுவே, மாலைக் காற்று வீசும் வேளையில் மோட்டார் இவ்வாறு நின்றுவிடுமானால் படகிலுள்ளோர் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே பொருத்தியுள்ள ஜெட்டின் எண்ணையும், அது எந்த உயரத்திற்குரியது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி மோட்டாரின் மூடியினுள் ஒட்டுக. கழற்றிய ஜெட்டைக் கருவிப்பெட்டியில் பாதுகாக்க. துடுப்பும் மிதவைச் சட்டையும் இன்றிச் சோதனை ஓட்டமும் கூடாது.

வகுப்பறையில்

ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் மேல்வாயை ஒட்டி மற்றொரு குழலால் கிடைமட்டமாக வேகமாக ஊதுக. நீர் மேலேறித் துளிகளாகச் சிதறும். கார்புரேட்டரில் பெட்ரோல் எழுவதும் இவ்வாறே. பின்னர், தேக்கடிக்குரிய அடர்த்தி விகிதம் 0.92 எனக் கொண்டு, 1.00 மில்லிமீட்டர் ஜெட்டுக்குப் பதிலாக வேண்டிய துளையின் விட்டத்தை மாணவர் கணக்கிடட்டும். விடை சுமார் 0.98 மில்லிமீட்டர்.