ஒரு தலைநகரின் தெருக்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி, பேராவூரணி)

முன்னுரை

"ஊர் பேர் தெரியாதவர்" என்று ஒருவரைச் சொன்னால், அவரை யாரும் பொருட்படுத்தவில்லை என்றே பொருள். பேரும் ஊரும் சேர்ந்தால்தான் ஒருவருக்கு முகவரி உண்டாகிறது. சிற்றூர் என்றால் ஊர்ப் பெயரே போதும். மற்றதைத் தபால்காரர் பார்த்துக்கொள்வார். பெரிய நகரம் என்றால் அவ்வாறு முடியாது. நகரத்தைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். பகுதியைத் தெருக்களாகப் பிரிக்க வேண்டும். தெருவில் வீடுகளை எண்ண வேண்டும்.

ஐரோப்பாவின் தலைநகரங்கள் இப்படிப் பிரிக்கப்பட்டிருப்பதைப் புவியியல் படிப்போர் அறிவர. பாரிஸ் நகரம் 1860ஆம் ஆண்டு முதல் 20 வட்டாரங்களாக உள்ளது. நடுவில் தொடங்கி நத்தையின் ஓடுபோல் சுற்றிச் சுற்றி வெளியே செல்லும் வரிசையில் அவற்றுக்கு எண் இட்டிருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 23 வட்டாரங்கள் உள்ளன. அங்கே தெருப் பெயர்ப் பலகையிலேயே வட்டாரத்தின் எண்ணும் இருக்கும்.

இவை மேல்நாட்டார் கண்ட புதுமை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. பேராவூரணியில் பேருந்து ஏறி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழியாகச் சென்றால் தஞ்சாவூர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது சோழப் பேரரசின் தலைநகரம். அந்நகரம் எவ்வாறு பிரிக்கப்பட்டிருந்தது என்பதை முதலாம் இராசராசன் கட்டிய பெரிய கோயிலின் கல்வெட்டுகள் தெருத் தெருவாகச் சொல்கின்றன. அதனைச் சற்றே காண்போம்.

நாடும் கூற்றமும்

முதலில் நகரம் எங்கே இருந்தது என்பதைக் கல்வெட்டு கூறும் முறையைப் பார்க்க வேண்டும். "பாண்டிய குலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்" என்பது அக்கால முகவரி. இன்று நாம் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று எழுதுவதுபோல, அன்று மண்டலம், வளநாடு, கூற்றம் அல்லது நாடு, ஊர் என்று எழுதினர்.

இந்த வளநாடுகளை இராசராசனே அமைத்தான். 1001ஆம் ஆண்டளவில் நிலம் முழுவதையும் அளக்கச் செய்தவனும் அவனே. வளநாட்டுக்கு எல்லை குறிக்க ஆறுகள் பயன்பட்டன. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்டது என்று கல்வெட்டிலேயே சொல்லப்படுகிறது. ஆறும் வாய்க்காலும் நிறைந்த நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான எல்லை வேறு ஏது?

உள்ளாலையும் புறம்படியும்

தஞ்சை நகரம் இரு பெரும் பகுதிகளாக இருந்தது. உள்நகரத்திற்கு 'உள்ளாலை' என்று பெயர். வெளியே விரிந்த பகுதிக்குப் 'புறம்படி' என்று பெயர். வியன்னாவும் இப்படித்தான் மதிலுக்குள் ஒரு நகரமாகவும், மதிலுக்கு வெளியே புறநகர்களாகவும் நெடுங்காலம் இருந்தது. 1850இல்தான் புறநகர்கள் நகரத்தோடு இணைக்கப்பட்டன. இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே கடலும் மலையும் இருந்தாலும், நகரம் வளரும் விதம் ஒன்றாகவே இருக்கிறது.

தஞ்சையின் தெருக்களில் பல, தொழிலால் பெயர் பெற்றவை. பாடுவோர் இருந்தது கந்தர்வத் தெரு. நெசவாளர் இருந்தது சாலியத் தெரு. வில் வீரர் இருந்தது வில்லிகள் தெரு. யானைப் பணியாளர்க்கு ஆனையாட்கள் தெரு. அரண்மனைச் சமையலோடு தொடர்புடையது மடைப்பள்ளித் தெரு. வணிகர் இருந்த அகன்ற தெருக்கள் 'பெருந்தெரு' எனப்பட்டன. அவற்றுக்கு மும்முடிச்சோழப் பெருந்தெரு, நித்தவினோதப் பெருந்தெரு என்று அரசனின் பட்டப் பெயர்களைச் சூட்டினர். கடைவீதிகளுக்கோ அரசியரின் பெயர்கள் அமைந்தன. திரிபுவனமாதேவிப் பேரங்காடி அவற்றுள் ஒன்று.

தெருப் பெயரை ஏன் எழுதினார்கள்?

கோயில் சுவரில் தெருவின் பெயரை வெட்டுவதற்கு என்ன தேவை வந்தது? இங்கேதான் அக்கால நிர்வாகத்தின் திறம் விளங்குகிறது.

கோயிலில் ஒரு விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கிட்டு இடையர்களிடம் ஒப்படைத்தனர். ஆடு கிழடானாலும் இறந்தாலும் குட்டிகளைக் கொண்டு அவர்கள் எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று சோழர் காலக் கல்வெட்டுகள் இதனைக் குறிக்கும். ஒரு நாள் நெய் வராவிட்டால் யார் வாசலில் போய்க் கேட்பது? அதற்காகவே அந்த இடையரின் பெயரையும் அவர் இருந்த தெருவையும் கல்லில் பதித்தனர்.

வாழைப்பழக் கணக்கு இன்னும் சுவையானது. பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும். இதற்கு இராசராசன் 360 காசு அளித்தான். அந்தப் பணம் பெருந்தெருக்களிலும் பேரங்காடியிலும் இருந்த வணிகர்களிடம் வட்டிக்கு விடப்பட்டது. வட்டி, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. ஆகவே 360 காசுக்கு 45 காசு வட்டி. ஒரு காசுக்கு 1200 பழம். 45 காசுக்கு 54,000 பழம். ஆண்டுக்கு 360 நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்குச் சரியாக 150 பழம்! கணக்கில் தனிவட்டி படிக்கும் தோழியர் இதனைப் போட்டுப் பார்க்கலாம். எந்தத் தெரு வணிகர் எவ்வளவு பெற்றனர் என்பது எழுதப்பட்டிருந்ததால், கடமையை யாரும் தட்டிக்கழிக்க இயலாது.

நானூறு வீடுகள்

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் ஈர்த்த கல்வெட்டு ஒன்று உண்டு. இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 1014ஆம் ஆண்டினதான அது, கோயில் மதிலின் வெளிப்புறத்தில் உள்ளது. ஆடல் பாடல் முதலிய கோயில் பணிக்காகத் திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறு முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு பெண்கள் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்காகக் கோயிலின் அருகே தளிச்சேரி என்னும் குடியிருப்புகள் அமைந்தன.

ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர். அப்படியானால் நானூறு பேருக்கு 40,000 கலம் நெல்!

அந்த நெல்லைத் தவறாது அளப்பதற்காகக் கல்வெட்டு வரிசையாகப் பேசுகிறது. தெற்குத் தளிச்சேரியா, வடக்குத் தளிச்சேரியா, தென்சிறகா, வடசிறகா, முதல் வீடா, இரண்டாம் வீடா, மூன்றாம் வீடா, அவ்வீட்டில் இருப்பவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், அவர் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கூறுகிறது. 'சிறகு' என்பது தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. பறவைக்கு இரு சிறகுபோலத் தெருவுக்கும் இரு சிறகு! சேரமங்கை, உதாரி, பட்டாலி, எடுத்தபாதம் என்ற அழகிய பெயர்களை அங்கே காண்கிறோம்.

பழைய வரலாற்றில் அரசியரின் பெயர் கிடைக்கும். அரண்மனைக்கு வெளியே இருந்த பெண்களின் பெயர் கிடைப்பது அரிது. இங்கோ நானூறு பெண்கள் வீட்டு எண்ணோடு நிற்கிறார்கள். தத்தம் ஊரை விட்டு வந்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்பதைக் கல் சொல்லவில்லை. அரசன் ஆணையிட்டான், அவர்கள் வந்தார்கள். ஆயினும் "இந்த வீடு இவளுக்கு, இந்த நெல் இவளுக்கு" என்று பெயர் சொல்லி எழுதியதால், ஆயிரம் ஆண்டு கழிந்தும் அவர்கள் ஊர் பேர் தெரியாதவர்கள் ஆகவில்லை.

வியன்னாவின் கதவு எண்கள்

இதனோடு வியன்னாவை ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்கே 1770ஆம் ஆண்டு, பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சியில் வீடுகளுக்கு எண் இட்டார்கள். காரணம் என்ன? படைக்கு ஆள் சேர்க்க, எந்த வீட்டில் எத்தனை ஆண்கள் உள்ளனர் என்று அறிய வேண்டியிருந்தது. தெருவுக்குத் தெரு முறைப்படி எண்ணும் வழக்கம் 1862இல்தான் அங்கு வந்தது. பாரிஸில் தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், மறுபக்கம் இரட்டைப்படை எண் என்ற முறை நெப்போலியன் காலத்தில், 1805இல் வந்தது.

ஓரிடத்தில் நெல் கொடுப்பதற்காக வீட்டை எண்ணினார்கள். மற்றோரிடத்தில் பிள்ளைகளைப் போருக்கு அழைப்பதற்காக எண்ணினார்கள். எண் ஒன்றுதான், எண்ணுபவரின் நோக்கமே அதனை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்குகிறது.

பிரிவின் மறுபக்கம்

தஞ்சையில் எல்லாம் நன்மையாகவே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. வயலில் உழைத்தவர்களே ஊரிலிருந்து தனியே ஒதுக்கப்பட்டிருந்தனர். நானூறு பெண்களின் பெயர்களை எழுதிய உளி, அச்சேரிகளில் வாழ்ந்தவர்களின் பெயர்களை எழுதவில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டையும் இங்கே நினைக்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஆனால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. பெண்களின் பெயர் அந்தக் குடத்தில் விழவே இல்லை.

பின்வந்த தஞ்சை

இராசராசனின் மகன் இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு மாற்றினான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையைத் தீக்கிரையாக்கினான். பின்னர் நாயக்க மன்னரும், அடுத்து 1855 வரை மராட்டிய மன்னரும் இதனைத் தலைநகராகக் கொண்டனர். அரண்மனையைச் சுற்றி நான்கு இராச வீதிகளும், கோட்டை மதிலை ஒட்டிய அலங்கம் தெருக்களும் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. நகரின் வடபால் உள்ள கரந்தை, 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தால் புகழ் பெற்றது. அரசர்கள் போனாலும் அலங்கமும் கரந்தையும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டன. அதிகாரிகள் இடும் எண் மாறும். மக்கள் இடும் பெயர் எளிதில் மாறாது.

இன்றைய வார்டு

தஞ்சாவூர் 1866இல் நகராட்சியாயிற்று; 2014இல் மாநகராட்சியாயிற்று. அது 51 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நமது பேராவூரணி ஒரு பேரூராட்சி. இங்கும் வார்டுகள் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குடிநீர்க் குழாய் உடைந்தாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும், வார்டு எண்ணைச் சொல்லித்தான் மனு எழுத வேண்டும். வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் நம் வீட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் விட்டுப்போனால் நம் உரிமையும் விட்டுப்போகும்.

குடவோலைக் காலத்தில் இல்லாத ஒன்று இன்று உண்டு. உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கத் தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் செய்யப்பட்டது. 2022இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் அவ்வாறே பெண்கள் போட்டியிட்டு உறுப்பினர் ஆயினர். கல்லில் பெயர் எழுதப்பட்டவர்களாக இருந்த பெண்கள், இன்று பெயர் எழுதும் இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

முடிவுரை

தோழியரே! அடுத்த முறை தஞ்சைக்குச் செல்லும்போது பெரிய கோயிலின் விமானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். சுவர்களையும் மதிலையும் சற்று நெருங்கிப் பாருங்கள். எழுத்துகள் பழமையானவை, எல்லாம் படிக்க வராது. ஆயினும் அங்கே ஒரு நகரமே தன் தெருக்களோடும் வீடுகளோடும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நகரத்தைப் பிரிப்பது மக்களைப் பிரிப்பதற்காக அன்று. ஒருவரும் விட்டுப்போகாமல் எண்ணுவதற்காக. இன்னும் மூன்றாண்டுகளில் நம் பெயர்களும் வாக்காளர் பட்டியலில் ஏறும். அன்று நம் தெருவில் எந்த வீடு பட்டியலில் இல்லை, எந்தச் சேரிக்குக் குழாய் வரவில்லை என்று பார்த்துச் சொல்வது நம் கடமையாகும். ஊர் பேர் தெரியாதவர் என்று ஒருவரும் இல்லாத ஊரே நல்ல ஊர்.